சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள்: யாழ் மாவட்ட உள்ளூராட்சி மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாண மாநகர முதல்வர் அவர்களுக்கும், 3 நகர சபைகளினதும் 13 பிரதேச சபைகளினதும் தவிசாளர்களுக்கும், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட ஒரு சிறிய போட்டோக்கொப்பிக் கடை நடத்துகிறேன். கொப்பி அடிப்பதைவிட, படிவம் நிரப்புவதும் லேபிள் செய்து கொடுப்பதும்தான் எனக்கு அதிக வேலை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் வீட்டோடு சிறு தொழில் செய்கிறவர்கள். கறித்தூள் வறுத்துத் திரித்துப் பைக்கற் போடுகிறவர், மோர்மிளகாயும் வடகமும் காயவைக்கிறவர், பனங்கட்டி காய்ச்சுகிறவர், தட்டைவடை சுடுகிறவர், விறாந்தையில் தையல் மெஷின் போட்டுச் சட்டை தைக்கிறவர், மோட்டார் சைக்கிள் திருத்துகிற பொடியன். படிவத்தை நீட்டிக்கொண்டே அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தம்பி, இதுக்கு எங்கை போகவேணும்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். உங்கள் ஒவ்வொரு சபையும் தன் ஆளுகையிலுள்ள பொது நூலகத்திலோ சந்தைக் கட்டடத்திலோ கிழமைக்கு ஒரு நாள் ஒரு மேசை போடவேண்டும். அங்கே விஷயம் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும். சிறு தொழில் செய்கிற எவரும் தன் கைத்தொலைபேசியையும் கணக்குக் கொப்பியையும் கொண்டுவந்து, காசில்லாமல், தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு போகவேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

உதவி இல்லாமல் இல்லை. கைத்தொழில் அபிவிருத்திச் சபை 1969 இலிருந்து இருக்கிறது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் உருவானது, அதன் ஆராய்ச்சி நிறுவனம் கைதடியில் நம் கண்முன்னே நிற்கிறது. தேசிய தொழில் முயற்சி அபிவிருத்தி அதிகார சபைக்கு 2006 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் சிறு முயற்சியாண்மைக்கென உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், தொழில்நுட்பம் சொல்லித்தர விதாதா வள நிலையங்கள் இருக்கின்றன. எதுவும் தெரியாவிட்டால் 1919 ஐ அழுத்தி அரசாங்கத் தகவல் நிலையத்தில் தமிழிலேயே கேட்கலாம். ஆலோசனையும் வழிகாட்டலும் பெரும்பாலும் இலவசம்.

ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு கட்டடத்தில், வேறு வேறு பெயரில் இருக்கிறது. தட்டைவடை சுடுகிற ஒரு அக்கா வணிகப் பெயர் பதியப் பிரதேச செயலகத்துக்குப் போகிறார். லேபிளில் என்ன போடவேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கிறார். வியாபார அனுமதிப்பத்திரத்துக்கு உங்கள் சபைக்கு வருகிறார். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அவர் ஒவ்வொரு இடத்துக்கும் போகவேண்டும், அணைத்த நாளில் வருமானம் இல்லை. மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். நிர்வாகம் இவ்வளவு விரிந்து கிடக்க, எந்தக் கதவுக்குப் பின்னால் எது இருக்கிறது என்று ஒரே இடத்தில் சொல்ல ஆளில்லை. அந்த வேலையை இப்போது என்னைப் போன்ற கடைக்காரர்கள் செய்கிறோம், அதற்குக் காசும் வாங்குகிறோம். நீங்கள் மேசை போட்டால் என் வருமானத்தில் ஒரு பங்கு குறையும். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

அரசாங்க உதவியை இத்தோடு விடுகிறேன். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, சிறு தொழில் செய்கிறவர்களின் கையிலேயே கிடந்தும் பயன்படாமல் இருக்கிற இலவசக் கருவிகளைப் பற்றி.

முதலில் கணக்கு. கறித்தூள் செய்கிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்கு நான் போட்டவை, கணக்குப் போகிற வழி நான் நாளாந்தம் பார்ப்பது. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாமாக 10 கிலோ சரக்கு, விலை 14,000 ரூபா. கால் கிலோப் பைக்கற் 40 வரும், ஒன்றுக்கு 350 ரூபா முடிகிறது என்று மனக்கணக்குப் போடுவார். கடையில் 500 ரூபாவுக்கு விற்கும், கடைக்காரருக்கு 15 சதவீதம் கழிவு, கையில் வருவது 425. பைக்கற்றுக்கு 75 ரூபா இலாபம் என்று நினைத்துக்கொண்டு இரவிரவாக வறுப்பார்.

வறுக்கும்போது ஈரம் போகும். ஆலையில் கொஞ்சம் ஒட்டும், சிந்தும். 10 கிலோ போட்டால் 9 கிலோதான் வந்தது என்று வையுங்கள். பைக்கற் 36 ஆகிறது. சரக்கு விலை மட்டுமே பைக்கற்றுக்கு 389 ரூபா. ஆலைக்கூலி, காஸ், பை, லேபிள், கடைக்குக் கொண்டுபோகிற பெற்றோல் என்று மொத்தம் 2,340 ரூபா போனால், பைக்கற்றுக்கு இன்னும் 65. ஆக 454 ரூபா செலவான பொருளுக்கு 425 ரூபா வாங்குகிறார். ஒவ்வொரு பைக்கற்றிலும் ஏறத்தாழ 29 ரூபா நட்டம், 36 பைக்கற்றிலும் 1,040 ரூபா. அவருடைய கூலி இதில் ஒரு சதமும் சேரவில்லை.

இந்த உண்மையைக் காட்ட விலை கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. கைத்தொலைபேசியில் கூகிள் ஷீற்ஸ் என்ற கணக்குத்தாள் செயலி இலவசம். கணினி இருந்தால் அதே வேலைக்கு லிபரே ஒஃபிஸ் இலவசம், அதன் மெனுப் பட்டியல்கள் தமிழிலேயே வரும். முறையாகப் பேரேடு வைக்க விரும்புகிறவருக்கு குனூகேஷ் என்ற கணக்கு மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். ஏழெட்டு வரிகளில் ஒரு தாள் செய்து கொடுத்தால் போதும். மிளகாய் விலை ஏறுகிற அன்று ஒரு எண்ணை மாற்றினால் புதிய விலை கீழே தெரியும். அந்தத் தாளை முதன்முதல் பார்க்கிறவரின் முகத்தை நான் கண்டிருக்கிறேன். மனிசர் கோபப்படுவதில்லை, அழுவதுமில்லை. ஒருக்கால் வாசித்துவிட்டு, திரும்பவும் மேலே போய் முதல் வரியிலிருந்து வாசிக்கிறார்கள். இத்தனை வருஷமும் யாரும் பக்கத்தில் இருந்து இதைப் போட்டுக் காட்டவில்லை. அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. சீட்டுக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கிறவர்கள் அவர்கள்.

அடுத்தது கடையை ஆட்களுக்குத் தெரியப்படுத்துவது. நம் முகவரிகள் உங்களுக்குத் தெரியும். வைரவர் கோயிலடி, இரண்டாம் ஒழுங்கை, வாசிகசாலைக்குப் பின்பக்கம். ஊரவனுக்கு அது போதும். கொழும்பிலிருந்து வருகிறவருக்கும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்கும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து நிற்கிறவருக்கும் போதாது. அவர்கள் கைத்தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து பணியாரம் எங்கே, தூள் எங்கே என்று தேடுகிறார்கள். கூகிள் வரைபடத்தில் தொழிலைப் பதிவது இலவசம். வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி இலவசம். அதில் பொருட்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம், அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கலாம், கடை பூட்டியிருக்கிற நேரத்தில் தானாகப் பதில் போகவும் செய்யலாம். தட்டச்சுத் தெரியாதென்று தயங்குகிற அம்மாமாருக்குக் கூகிள் விசைப்பலகையில் குரல்வழித் தட்டச்சு இருக்கிறது, அதில் இலங்கைத் தமிழ் என்றே ஒரு தெரிவு உண்டு. அவர் கதைக்க அது எழுதும்.

ஆனால் இலவசமான இதைக் காசுக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் பயற்றம் பணியாரம் செய்கிற ஒரு அக்காவுக்கு ஒரு நிறுவனம் வரைபடத்தில் பக்கம் திறந்து கொடுத்தது. காசு வாங்கியதோடு நிற்கவில்லை. தன்னுடைய மின்னஞ்சலிலேயே அதைத் திறந்து வைத்துக்கொண்டது. அக்கா தொலைபேசி இலக்கத்தை மாற்றியபோது பக்கத்தில் மாற்ற முடியவில்லை. திருவிழாக் காலத்தில் அவருக்கு வரவேண்டிய அழைப்புகள் பாவனையில் இல்லாத இலக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. அவர் பணியாரத்தைச் சந்தையில் பாதி விலைக்குக் கொடுத்தார்.

இதற்கு வழி இருக்கிறது. அந்தப் பக்கத்திலேயே உரிமை கோரலாம். இப்போது வைத்திருக்கிறவருக்குப் பதில் சொல்லக் கூகிள் 3 நாள் கொடுக்கும், பதில் வராவிட்டால் நாமே உறுதிப்படுத்தி எடுத்துக்கொள்ள இடம் கிடைக்கலாம். இந்த வழி இருக்கிறதென்று அந்த அக்காவுக்கு யார் சொல்வது? இதனால்தான் மேசையில் இருக்கிறவருக்கு முதல் விதி இப்படி இருக்கவேண்டும் என்கிறேன்: எந்தக் கணக்கையும் தொழில் செய்கிறவரின் சொந்த மின்னஞ்சலில், அவர் கையாலேயே திறக்கவைக்க வேண்டும். கடவுச்சொல் அவர் கொப்பியில் இருக்கவேண்டும். தொலைபேசிக்கு வருகிற இரகசிய இலக்கத்தை எவருக்கும், உதவி செய்கிறவருக்கும்கூட, சொல்லக்கூடாது என்று அந்த இடத்திலேயே விளங்கப்படுத்த வேண்டும்.

லேபிள் விஷயத்தில் என் சொந்தத் தொழிலைப் பற்றியே சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துக் கடைகள் பலவற்றில் இன்றும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். தாளில் பார்க்க வடிவாக இருக்கும். அதே சொல்லை வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், தேடினால் கிடைக்காது. காரணம், அது கணினிக்குத் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். எல்லாக் கணினிக்கும் தொலைபேசிக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிக்கோட்) அடித்தால் லேபிளுக்கு எழுதியது அப்படியே பேஸ்புக்குக்கும் வரைபடத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் போகும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி போன்ற அழகான எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடக்கின்றன. லேபிளுக்கும் விளம்பரப் பலகைக்கும் வியாபார நோக்கில் பாவிக்க எந்தத் தடையும் இல்லை, எவருக்கும் காசு கொடுக்கத் தேவையுமில்லை. வடிவமைக்க இங்க்ஸ்கேப், படத்தைத் திருத்த ஜிம்ப், இரண்டும் இலவச மென்பொருள்கள். திருட்டுப் பிரதி மென்பொருளைப் போட்டு வைரஸ் வாங்குகிற நிலை இனி யாருக்கும் வேண்டாம்.

லேபிளின் உள்ளடக்கத்துக்கு 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. பொருளின் பெயர், நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம் (எந்தத் தடவை செய்த சரக்கு என்று காட்டுகிற எண்), தயாரித்தவரின் பெயரும் முகவரியும் எல்லாம் வேண்டும். ஒன்று விடுபட்டாலும் பெரிய கடைகள் பொருளை எடுக்காது, பரிசோதகர் வந்தால் வழக்கும் வரலாம். 1,000 லேபிள் அடித்த பிறகு தொகுதி இலக்கத்துக்கு இடம் விடவில்லை என்று கண்டுபிடிக்கிறவர்களின் கவலை எனக்குப் பழக்கமானது. அச்சுக்குப் போகமுன் மேசைக்குக் கொண்டுவந்து காட்ட முடிந்தால் அந்தக் காசு மிஞ்சும்.

இலவசம் என்று சொல்கிற எல்லாம் இலவசமல்ல என்பதையும் அங்கே சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் மாதம் சும்மா என்று சொல்லி வங்கி அட்டை இலக்கம் கேட்கிற செயலிகள் அடுத்த மாதம் டொலரில் காசு எடுக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டபோது, மாதம் 10 டொலர் கட்டிக்கொண்டிருந்த சிறு தொழிலாளிக்கு அந்தச் செலவு 2,000 ரூபாவிலிருந்து 3,600 ஆனது. சிறு தொழிலுக்கு அது சின்னத் தொகையல்ல. எது என்றைக்கும் இலவசம், எது தூண்டில், எதற்குப் பதிலாக எதைப் பாவிக்கலாம் என்று பிரித்துச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

இளம் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்லுவார்கள்தானே என்று சபையில் ஒருவர் கேட்கக்கூடும். பிள்ளைகள் வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கிற வீடுகள் எத்தனை என்று உங்கள் வட்டாரத்திலேயே எண்ணிப் பாருங்கள். பயிற்சிப் பட்டறைகள் நடக்கின்றனவே என்றும் கேட்கலாம். நடக்கின்றன, அவற்றை நடத்துகிறவர்களின் நல்ல மனதை நான் மதிக்கிறேன். ஆனால் பட்டறையில் சொல்வது 40 பேருக்குப் பொதுவான விஷயம். வீட்டுக்கு வந்து தன் தொலைபேசியில் செய்யப்போகும்போது திரையில் வேறு ஏதோ வரும். அந்த நேரம் கேட்க ஆளில்லை. அதோடு அந்த அலுவல் நின்றுபோகும். அடுத்த கிழமையும் அதே மேசை அதே இடத்தில் இருக்கும் என்றால் மட்டுமே ஒருவர் திரும்பி வருவார்.

ஏன் உங்களிடம் கேட்கிறேன், ஏன் மாவட்டச் செயலகத்திடம் கேட்கவில்லை? நூலகங்கள் உங்களுடையவை. சந்தைகள் உங்களுடையவை. சனசமூக நிலையங்கள் உங்களோடு தொடர்புடையவை. சோலைவரியும் சந்தை வாடகையும் அனுமதிப்பத்திரக் கட்டணமும் எங்களிடமிருந்து உங்களுக்குத்தான் வருகின்றன. 1981 இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த யாழ் பொது நூலகம் மாநகர சபையின் பொறுப்பில் இருக்கிறது. சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அது திறந்திருப்பதைப் போல, வடகம் காயவைக்கிற பெண்ணுக்கும் அங்கே ஒரு கதிரை இருக்கவேண்டும். கூரை, மேசை, மின்சாரம் எல்லாம் உங்களிடம் ஏற்கனவே இருக்கின்றன. 2025 மே மாதத் தேர்தலில் தெரிவாகி வந்தவர்கள் நீங்கள். எங்கள் ஒழுங்கைகளுக்குள் நடந்து வந்து வாக்குக் கேட்டவர்கள். எந்த வீட்டு முற்றத்தில் என்ன காய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு எந்த அதிகாரிக்கும் தெரியாது.

மேசையில் யார் இருப்பது? யாழ் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ கற்கைகள் வணிக பீடம் இருக்கிறது, கணினி விஞ்ஞானத் துறை இருக்கிறது. யாழ் ஐடி ஹப் போன்ற தன்னார்வ அமைப்புகள் இளைஞர்களைத் தொழில்நுட்பத்தில் வளர்த்து வருகின்றன. ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்களும் கூட்டுறவுச் சங்கக் கணக்காளர்களும் வணிகபாட ஆசிரியர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், அவர்களில் பலர் கேட்டால் சந்தோஷமாக வருவார்கள். ஒரு இளையவர், ஒரு மூத்தவர் என்று சேர்த்து இருத்துங்கள். தொலைபேசி இளையவருக்கு, வியாபாரம் மூத்தவருக்கு. மாதத்தில் ஒரு நாள் பிரதேச செயலகத்தின் சிறு முயற்சியாண்மை உத்தியோகத்தரையும் விதாதா உத்தியோகத்தரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் அதே மேசைக்கு அழையுங்கள். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் தேநீரும் கொடுத்தால் போதும். இதைவிடப் பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை.

ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கிறேன். அந்த மேசைக்குக் கடன் கொடுக்கிறவர்கள் வரக்கூடாது. நுண்கடன் நம் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பட்ட 1 இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தானே பொறுப்பேற்பதாக அரசாங்கம் அறிவிக்க வேண்டிய அளவுக்கு அது போனது. உதவி கேட்டு வருகிறவரின் பெயரும் இலக்கமும் எந்த நிறுவனத்துக்கும் போகக்கூடாது. கட்சிக்காரர் படம் எடுக்கவும் வரவேண்டாம். கணக்குக் கொப்பியைத் திறந்து நட்டத்தைக் காட்டுகிற ஒருவருக்கு அந்த இடத்தில் மரியாதை வேண்டும். பெண்கள் தனியாக வந்து தயங்காமல் இருந்து கதைக்கக்கூடிய இடமாகப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். பஸ் போகிற நேரத்தையும் பாருங்கள். சந்தை கலைகிற நேரம் நல்லது, அப்போது அவர்கள் எப்படியும் அந்தப் பக்கம்தான் நிற்பார்கள்.

தீவகத்துக்கும் வடமராட்சி கிழக்குக்கும் கிழமைக்கு ஒரு நாள் சிரமமாக இருக்கலாம். அங்கே மாதத்துக்கு இரண்டு நாளென்று தொடங்குங்கள். ஆனால் சொன்ன நாளில் மேசை இருக்கவேண்டும். ஒருமுறை கடல் கடந்து வந்தவர் வெறும் கதிரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பிறகு வரமாட்டார்.

உங்கள் அடுத்த மாதாந்த அமர்வில் இதை ஒரு பிரேரணையாக எடுங்கள். அடுத்த ஆண்டுப் பாதீட்டில் இதற்கென்று ஒரு சிறு வரி எழுதுங்கள். 17 சபைகளும் ஒரே நாளில் தொடங்கத் தேவையில்லை, ஒரு சபை தொடங்கி மூன்று மாதம் விடாமல் நடத்திக் காட்டினால் மற்றவை கேட்டு வரும்.

வலிகாமம் தெற்குப் பிரதேச சபை சுன்னாகத்தில் இடம் தருமானால், சனிக்கிழமைப் பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு நான் வருவேன். கூலி வேண்டாம். என்னிடமுள்ள அச்சு இயந்திரத்தையும் தாளையும் கொண்டுவருகிறேன். இத்தனை காலமும் நான் சேர்த்து வைத்திருக்கிற படிவங்கள், ஒவ்வொன்றுக்கும் எந்தெந்த ஆவணம் வேண்டும் என்ற குறிப்புகள், மேலே சொன்ன கணக்குத் தாள், லேபிள் மாதிரிகள் எல்லாவற்றையும் ஒருங்குறித் தமிழில் சபையிடம் ஒப்படைக்கிறேன். மற்றச் சபைகள் கேட்டாலும் கொடுப்பேன். யாரும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், விலை மட்டும் வைக்கவேண்டாம்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சுன்னாகத்துப் போட்டோக்கொப்பிக் கடைக்காரர் ஒருவர்